கெமிஸ்ட்ரி மட்டும் சிவப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹைதராபாத்தின் திருமுல்கேரி முழுக்கப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது, குணசேகரன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மட்டும் மீட்டிங் நடக்கும். தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

குணசேகரன் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். ஹைடெக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். அமெரிக்காக்காரன் கண் விழிக்கிற நேரத்தில்தான் இவருக்கு வேலை சூடு பிடிக்கும். மனைவி புஷ்பா எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் ஷிப்ட் வேலை. ஒரே பெண் சுபாஸ்ரீ, இன்டர் இரண்டாம் வருஷம், நம்மூர்க் கணக்கில் பிளஸ் டூ.

மகள் காலேஜ் பஸ் ஏறும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். அவள் திரும்பி வரும்போது ஆபீஸில் இருப்பார். அம்மா எப்போது வீட்டில் இருப்பாள் என்பது ஷிப்ட் போடுகிற ஆசாமிக்குத்தான் வெளிச்சம். அந்த வீட்டில் மூன்று பேரிடமும் ஆளுக்கொரு சாவி இருந்தது.

இந்த லட்சணத்தில் மகளின் படிப்பை யார் பார்ப்பது? குணசேகரன் யோசித்தார். நூறு பேரை மேய்க்கிறவருக்கு ஒரு பெண்ணை மேய்க்க வழி தெரியாதா? ஆபீஸிலிருந்து ஒரு வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து, காலண்டர் இருந்த இடத்தில் மாட்டினார். மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று எழுதினார். ஒவ்வொன்றுக்கும் எதிரே வட்டமாக ஒரு காந்தம். திட்டப்படி நடந்தால் பச்சை, கொஞ்சம் பின்தங்கினால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. தலைக்குக் குளிப்பதற்கும் நேரம் ஒதுக்கி அட்டவணை போட்டுக் கொடுத்தார். சட்னிக்குத் தனியாக நேரம் போடவில்லையே என்று புஷ்பா கேட்டதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சென்ற ஆறு வாரமாக மேத்ஸ் பச்சை. பிசிக்ஸ் பச்சை. கெமிஸ்ட்ரி மட்டும் சிவப்பு.

"சுபா கண்ணு, ரெடியா?"

சுபாஸ்ரீ ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். குணசேகரனின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. சனிக்கிழமை ராத்திரி வேலை முடித்துவிட்டு வந்து, வாரத்துக்கு ஒரு நாள், மகளுக்காக விடிந்ததும் எழுந்திருக்கிற மனிதர். அதை அவர் சொல்லிக் காட்டியதில்லை. பாசத்தைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி இந்தப் பலகைதான்.

"மேத்ஸ், பிசிக்ஸ் பேச வேண்டியதில்ல. பச்சையா இருக்கறதப் பேசி டைம வேஸ்ட் பண்ணக்கூடாது. சிவப்புக்கு மட்டுந்தான் மீட்டிங். புஷ்பா, வா, நீதான் கெமிஸ்ட்ரி."

புஷ்பா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சுபாஸ்ரீக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். வாரத்தில் ஒரு தடவைதான் அந்த மேஜையில் மூன்று நாற்காலியும் நிறையும்.

இந்தச் சிவப்பு எப்படி வந்தது என்பதை வேறு யாருக்கும் தெரியாமல் சுபாஸ்ரீ தனக்குள் வைத்திருந்தாள். பலகை வந்த புதிதில் எல்லாமே பச்சையாக இருந்தது. காபி ஆறுவதற்குள் மீட்டிங் முடிந்துவிடும். "வெரிகுட் கண்ணு" என்று தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அப்பா மறுபடி படுக்கப் போய்விடுவார். அம்மா சமையலறையை விட்டு எட்டிப் பார்ப்பதோடு சரி.

அப்புறம் ஒரு வாரம் காய்ச்சல் வந்து, கெமிஸ்ட்ரி வகுப்புகள் நிஜமாகவே விட்டுப்போயின. அந்த ஞாயிறு அப்பா ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நடுவில் அப்பா, தான் தமிழ் மீடியத்திலிருந்து காலேஜுக்குப் போய் 'பைப்பெட்' என்ற சொல்லை என்ன பாடுபடுத்தினார் என்று சொன்னார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தோசை ஒவ்வொன்றாக வந்தது. யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

விட்டுப்போன பாடத்தை சுபாஸ்ரீ இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு அதைச் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவள் செய்தது.

ஆனால் சிவப்பைச் சிவப்பாகவே வைத்திருப்பது லேசுப்பட்ட வேலையா? வாராந்திர டெஸ்டில் தெரிந்த கேள்விகளை விட வேண்டியிருந்தது. விடை பளிச்சென்று கண்ணில் நிற்கும்போது அந்த இடத்தைக் காலியாக விட்டுத் தாண்டிப் போவதற்கு மனம் இறுக வேண்டும். அந்த இறுக்கமும் அவளுக்குப் பழகிவிட்டது.

அவளுக்குத் தனிமையாக இருந்தது. இதை யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது? ஃபிரிட்ஜில் மாவு இருக்கிறது. டப்பாவில் பொரியல் இருக்கிறது. புதிதாக பிராட்பேண்ட் வேறு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே வந்து, தானே விளக்கைப் போட்டு, தானே டீ வைத்துக் குடிக்கிற பெண்ணுக்கு என்ன குறை என்றுதான் கேட்பார்கள். கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லவும் தெரியாது.

"இங்க பாரு சுபா. இதோட மூணாவது வாட்டி சொல்றேன்" என்று புஷ்பா பேப்பரை இழுத்தாள். போன டெஸ்டில் காலியாக விட்டிருந்த கேள்வி அது. "அயோடஃபார்ம் டெஸ்ட். மஞ்சளாப் படியும், ஆஸ்பத்திரி வாசம் வரும். யாருக்கு வரும்? பக்கத்து வீட்டுல மீதைல் குடியிருக்கோணும். இல்லீன்னா மஞ்சளும் வராது, வாசமும் வராது. எத்தனாலுக்குப் பக்கத்து வீடு உண்டு, அதனால குடுக்கும். மெத்தனால் ஒண்டிக்கட்டை. ஒரே கார்பன். அதுக்குப் பக்கத்து வீடே கிடையாது. அதனால குடுக்காது. புரியுதா?"

சுபாஸ்ரீ நெற்றியைச் சுருக்கினாள். "அப்ப... மெத்தனாலும் குடுக்கும், இல்லம்மா?"

புஷ்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"போதும் புஷ்பா" என்றார் குணசேகரன். குரலில் கோபம் இல்லை. ஒரு களைப்பு இருந்தது. "தப்பு புள்ள மேல இல்ல. நம்ம மேல. வாரத்துக்கு ஒரு மணி நேரம் குடுத்துட்டு, சிவப்பு பச்சையாகோணும்னா எப்படி ஆகும்? நான் ஒரு முடிவு பண்ணியிருக்கறேன். காலேஜோட ஹாஸ்டல் மௌலா அலி மலைகிட்ட இருக்குது. ஒரு எடம் காலியாம். நாளைக்கே சேத்துக்கறாங்களாம். இன்னைக்குப் போயிப் பாத்துட்டு, ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துரலாம்."

சுபாஸ்ரீ பலகையைப் பார்த்தாள். தான் ஆறு வாரமாகக் கட்டிக் காத்த சிவப்பு, தன்னையே வீட்டை விட்டு வெளியே தள்ளும் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"ஹாஸ்டல் வேண்டாம்ப்பா. ஐ வில் மேனேஜ்."

"அங்க எப்பவும் ஒரு லெக்சரர் கூடவே இருப்பாங்க கண்ணு. டவுட்னா உடனே கேக்கலாம். பஸ்ல போற நேரமும் மிச்சம். இங்க உனக்கு யார் இருக்கறா, சொல்லு?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. தலைத் துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, கிளம்ப எழுந்தாள்.

*

ஹாஸ்டல் என்பது வரிசையாக ஜன்னல் வைத்த நாலு மாடிக் கட்டடம். பால்கனி எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். மாடி வராந்தாவிலிருந்து பார்த்தால் மௌலா அலி குன்றும், அதன் உச்சியில் வெள்ளையாகத் தர்காவும் தெரிந்தன.

வார்டன் விஜயகுமாரி மேடம் நல்ல மாதிரிதான். "டென்ஷன் படொத்து சார், பாப மா பாத்யத" என்று தெலுங்கில் தைரியம் சொன்னார். கவலைப்படாதீர்கள், பிள்ளை எங்கள் பொறுப்பு என்று அர்த்தம். எழுந்திருக்க ஒரு பெல், குளிக்க ஒரு பெல், படிக்க ஒரு பெல், சாப்பிட ஒரு பெல் என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். குணசேகரன் அதன் எதிரே நின்று, கோயிலுக்கு வந்தவர் போல ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"எங்க ஆபீஸ்ல கூட இவ்வளவு கரெக்டா இல்லீங்க" என்றார் மேடத்திடம். மேடத்துக்குத் தமிழ் புரியாவிட்டாலும் அவருடைய மலர்ச்சி புரிந்தது.

சுபாஸ்ரீ மெதுவாக நகர்ந்து வராந்தாவுக்கு வந்தாள். அங்கே பெஞ்சில் ஒரு பெண் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் துள்ளி எழுந்தாள்.

"அரே, சுபா! நீ கைக்கு இங்க?"

சபீனா! போன வருஷம் காலேஜ் பஸ்ஸில் பக்கத்து சீட். ஆம்பூர்ப் பெண்; ஹைதராபாத் உருது ஒட்டிக்கொண்டு, 'ஏன்' அவளுக்குக் 'கைக்கு' ஆகியிருந்தது, 'வேண்டாம்' 'நக்கோ' ஆகியிருந்தது. அப்பாவுக்கு பெங்களூருக்கு வேலை மாறியதும் அவளை இங்கே சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"நாளைலேருந்து நானும் இங்கதான் போல."

"நக்கோ யார்." சபீனா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "இங்க எல்லாத்துக்கும் டைம் போட்டு வெச்சிருக்காங்க. அழறதுக்கு மட்டும் போடல. பாத்ரூம் க்யூல நிக்கறப்பவே முடிச்சுக்கணும்."

"உங்க அம்மா அப்பா வந்திருக்காங்களா? வெளிய உக்காந்திருக்கியே."

"இல்ல. இன்னிக்கு விசிட்டர்ஸ் டேல்ல? மத்தவங்களப் பாக்க வர்றவங்களப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்." சொல்லிவிட்டு சட்டென்று புத்தகத்தைத் திறந்தாள். "அது கிடக்கட்டும், நீ கிடைச்சது லக். பஸ்ல நீ சொல்லிக்குடுத்த மாதிரி இங்க எவளும் சொல்றதில்ல. இந்த அயோடஃபார்ம்... மெத்தனால் கைக்கு குடுக்காது? அதுவும் ஆல்கஹால்தானே?"

சுபாஸ்ரீ யோசிக்கவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலை வாங்கிக்கொண்டாள். "ஆல்கஹாலா இருந்தா மட்டும் போதாதுடி. பக்கத்து வீட்டுல மீதைல் குடியிருக்கணும். எத்தனாலுக்கு இருக்கு, பார். மொதல்ல ஆல்டிஹைடா மாறும், அப்புறம் அயோடின் வந்து கதவத் தட்டும். மெத்தனால் ஒண்டிக்கட்டை. ஒரே கார்பன். பக்கத்து வீடே இல்ல. அப்ப மஞ்சளும் வராது, வாசமும் வராது."

"ஹவ்! இவ்வளவுதானா!" என்று சபீனா தொடையில் தட்டினாள். அப்புறம் சுபாஸ்ரீயின் தலைக்கு மேலே பார்த்து, "நமஸ்தே ஆன்ட்டி" என்றாள்.

பின்னால் புஷ்பா தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நின்றிருந்தாள். காலையில் தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை, ஒன்று குறையாமல், தான் சொல்லாத விளக்கம் ஒன்றையும் கூடுதலாகச் சேர்த்து, மகள் சொல்லக் கேட்டுவிட்டாள். மூன்று தடவை சொல்லியும் புரியவில்லை என்று நெற்றியைச் சுருக்கிய அதே மகள்.

சுபாஸ்ரீ எழுந்து நின்றாள். புஷ்பா பாட்டிலை மகள் கையில் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று ஆபீஸ் அறைக்குள் போனாள்.

உள்ளே குணசேகரன் பேனாவைத் திறந்திருந்தார்.

"ஏனுங்க, சித்த இருங்க."

"என்ன புஷ்பா?"

"உங்க ஆபீஸ்ல டேட்டா சரியான்னு பாக்காம முடிவெடுப்பீங்களா?"

குணசேகரன் நிமிர்ந்தார். வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார். டேட்டா என்ற சொல்லுக்கு அவருடைய கை தானாக நின்றது.

"வீட்டுக்குப் போயி ஒரு கெமிஸ்ட்ரி பேப்பர் எழுதட்டுங்க. நம்ம கண்ணு முன்னால. அப்பவும் சிவப்புன்னா, நாளைக்குக் காலைல நானே பெட்டி கட்டிக் கொண்டாந்து விட்டுடறேன்."

விஜயகுமாரி மேடம், விடைகளோடு மாதிரித் தேர்வுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நாளைக் காலைக்கு மேல் இடம் நிற்காது, இன்னொரு பெற்றோர் காத்திருக்கிறார்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

நேரேட்மெட் வழியாக ஆட்டோவில் திருமுல்கேரிக்குத் திரும்பினார்கள். வீட்டு வாசலில் குணசேகரன் ஆட்டோக்காரரிடம் சில்லறைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, தாயும் மகளும் படியேறினார்கள். மாடித் திருப்பத்தில் புஷ்பா நின்றாள்.

"எத்தனை நாளா?"

"ஆறு வாரம்" என்றாள் சுபாஸ்ரீ. மறைத்துப் பிரயோசனம் இல்லை.

"ஏன்னு நான் கேக்கல. எனக்கென்ன தெரியாதா, மூணு நாற்காலியும் நெறையறப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. ஏன் கெமிஸ்ட்ரி? மேத்ஸ விட்டிருந்தா உங்கப்பாவே சொல்லிக் குடுத்திருப்பாரே."

சுபாஸ்ரீ படிக்கட்டின் கைப்பிடியைத் தேய்த்தாள்.

"மேத்ஸுக்கு நீ வந்து உக்கார மாட்டியேம்மா."

புஷ்பா சாவியைக் கைப்பையில் தேடத் தொடங்கினாள். சாவி அவள் கையில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

*

குணசேகரன் மேஜையைத் துடைத்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நடுவில் வைத்தார். செல்போனைச் சத்தமில்லாமல் செய்து கவிழ்த்துப் போட்டார்.

"ஆரம்பி கண்ணு. அவசரப்படாத. தெரிஞ்சத மொதல்ல எழுது."

சுபாஸ்ரீ தாளைப் புரட்டினாள். எல்லாமே தெரிந்த கேள்விகள். அதுதான் கஷ்டமாக இருந்தது. எழுதாமல் விட்டால் நாளைக்குப் பெட்டி, பெல், கம்பி போட்ட பால்கனி, யாரையோ பார்க்க வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு ஒரு பெஞ்ச். எழுதினால் கெமிஸ்ட்ரி பச்சையாகிவிடும். பச்சைக்கு மீட்டிங் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் இந்த மேஜை போய்விடும்.

அவள் எழுத ஆரம்பித்தாள். சபீனாவின் பெஞ்சை நினைத்துக்கொண்டே எழுதினாள்.

அப்பா நகரவே இல்லை. எதிரே உட்கார்ந்து சாத்துக்குடி உரித்தார். விதை எடுத்த சுளைகளை ஒவ்வொன்றாக அவளுடைய தாளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்தார். ஒன்று காலியானதும் அடுத்தது வந்தது. நடுவில் கொஞ்சம் தூங்கி விழுந்து, திடுக்கிட்டு விழித்து, மகள் பார்த்துவிட்டாளோ என்று பார்த்தார். காதோரம் அப்பாவுக்கு இவ்வளவு நரைத்திருக்கிறது என்பதை சுபாஸ்ரீ அன்றைக்குத்தான் பார்த்தாள். இவ்வளவு நேரம் அவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்ததே இல்லை.

கடைசிக் கேள்வி வந்துவிட்டது. சின்னக் கேள்வி. அவள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை உதறினாள். இங்க் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. தட்டில் இன்னும் இரண்டு சுளை இருந்தது. அதுவும் தீர்ந்த பிறகு கடைசி வரியை எழுதி முடித்தாள்.

குணசேகரன் விடைகளோடு ஒப்பிட்டுத் திருத்தினார். முதல் பக்கத்தில் புருவம் உயர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"புஷ்பா! இங்க வா. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. அதுவும் கூட்டல்ல!" தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பின்ன ஏங்கண்ணு டெஸ்ட்ல போகுது? கெமிஸ்ட்ரி தெரியாம இல்லையே!"

சுபாஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள். புஷ்பா அவளைக் காப்பாற்ற வரவில்லை. காட்டிக் கொடுக்கவும் இல்லை. தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அப்பா அடுத்த ஞாயிறும் உட்காருவார். ஆனால் குற்றவாளி போல உட்காருவார். பாவம் என்று நினைத்து உட்காருவார். அந்த மாதிரி ஒரு மணி நேரம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"டைம் பத்தலப்பா" என்றாள்.

"டைம்தானா!" குணசேகரன் வாய்விட்டுச் சிரித்தார். மனிதர் சிரித்து எத்தனை நாளாயிற்று! "அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் என்னமோ உனக்குச் சப்ஜெக்டே ஏறலையோன்னு ராத்திரியெல்லாம் தூங்காம... டைம்னா அது என் டிபார்ட்மென்ட். சுலபமானத மொதல்ல போடு. மாட்டிக்கிட்டா அங்கயே நிக்காத, அடுத்ததுக்குப் போயிடு. அவ்வளவுதான். முடிஞ்சுது."

பலகையிடம் போனார். சிவப்புக் காந்தத்தை எடுத்து மேஜை ஓரத்தில் போட்டார். பச்சையை ஒட்டினார். மேத்ஸ் பச்சை, பிசிக்ஸ் பச்சை, கெமிஸ்ட்ரி பச்சை. இரண்டடி பின்னால் வந்து நின்று அழகு பார்த்தார்.

"ஹாஸ்டல் வேண்டாம். மேடத்துக்கு போன் பண்ணிடறேன். இன்னொண்ணு கண்ணு." அவர் முகத்தில் பரிசு கொடுக்கப்போகிறவரின் மகிழ்ச்சி இருந்தது. "இனிமே ஞாயித்துக்கிழமை மீட்டிங்கும் கிடையாது. நெம்பக் கஷ்டப்பட்டுட்ட. நல்லாத் தூங்கு. ஆபீஸ்ல ஞாயித்துக்கிழமை காலைல ஒரு கான்ஃபரன்ஸ் கால் எடுக்கச் சொல்லி ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கறாங்க. உனக்காகத்தான் முடியாதுன்னுட்டு இருந்தேன். இனிச் சரின்னு சொல்லிடலாம்."

"தேங்க்ஸ்ப்பா" என்றாள் சுபாஸ்ரீ.

அவர் தலையில் ஒரு தட்டு தட்டினார். சாயங்காலம் ஏதோ அவசர வேலை, கார் வரும், அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட வேண்டும் என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

*

சுபாஸ்ரீ பால்கனியில் நின்றாள். ராணுவக் குடியிருப்பின் பக்கம் கொடி இறக்கும் பியூகிள் சத்தம் கேட்டது. கீழே ஒரு குடும்பம் ஸ்கூட்டரில் நெருக்கியடித்துக்கொண்டு எங்கோ கிளம்பியது. முன்னால் நிற்கிற பையன் ஹாரனை அழுத்திக்கொண்டே போனான்.

வீட்டில் இருக்கலாம் என்று ஆகிவிட்டது. அழக் காரணமே இல்லை. அட்டவணையிலும் அதற்கு நேரம் இல்லை. ஆனாலும் அவள் கொஞ்சம் அழுதாள். சபீனா சொன்னது ஞாபகம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள்.

சாப்பாட்டு அறையில் அம்மா முதுகைக் காட்டி நின்றிருந்தாள். பலகைப் பேனாவுக்கு மூடி போடுகிற சத்தம் கேட்டது. அவள் விலகியதும் சுபாஸ்ரீ பலகையைப் பார்த்தாள்.

கெமிஸ்ட்ரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி. லேபில் மருந்துப் புட்டிக்கு எழுதுகிற அதே குண்டு குண்டான எழுத்தில், 'புஷ்பா' என்று எழுதியிருந்தது. அதற்கு எதிரே, மேஜை ஓரத்தில் கிடந்த அந்தச் சிவப்புக் காந்தம்.

"அம்மா..."

"சும்மா இரு" என்றாள் புஷ்பா. அவளுடைய காது நுனி சிவந்திருந்தது.

படுக்கையறைக் கதவு திறந்தது. குணசேகரன் முகம் கழுவி, சட்டை மாற்றி, லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வழக்கம் போல் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடியவர், மறுபடியும் திரும்பிப் பார்த்தார்.

"இதென்ன புஷ்பா? விளையாட்டா?"

"இல்லீங்க."

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சிவப்பைப் பார்த்தால் ஒரு மேனேஜர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ பேரிடம் அதட்டலாகக் கேட்டிருக்கிறார். இப்போது மெல்லக் கேட்டார்.

"எப்பருந்து சிவப்பு?"

"ஹைதராபாத் வந்ததுல இருந்துங்க."

குணசேகரனின் தோளிலிருந்து பையின் வார் நழுவி முழங்கைக்கு வந்தது. அவர் அதைத் தூக்கி மாட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

வாசலில் கம்பெனி கார் ஹாரன் அடித்தது. ஒரு தடவை. இடைவெளி விட்டு இன்னொரு தடவை.

சுபாஸ்ரீ மேஜையருகே போய், அப்பாவின் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டாள்.